தண்ணீர் 93 டிகிரியில் கொதிக்கும் ஊர்: திண்மம், திரவம், வாயு ஒன்றிலிருந்து ஒன்றாக மாறுவது எப்படி?

மேட்டுப்பாளையத்தில் அடுப்பில் வைத்த தண்ணீர் ஏறக்குறைய 99 டிகிரியில் கொதிக்கும். அதே பாத்திரத்தை மலை ஏற்றி ஊட்டியில் வைத்தால் 93 டிகிரியை ஒட்டியே தளதளவென்று கொதி வந்துவிடும். குன்னூரில் 94. தொட்டபெட்டா உச்சியில் 91, 92. பாடப்புத்தகத்தில் 100 என்று படித்தது பொய்யல்ல, அது கடல் மட்டத்துக் கணக்கு. ஒரு பொருள் எந்தச் சூட்டில் உருகும், எந்தச் சூட்டில் ஆவியாகும் என்பதை அந்தப் பொருள் மட்டும் முடிவு செய்வதில்லை. அதன் மேல் அழுத்துகிற காற்றுக்கும் அதில் பங்கு உண்டு. சமவெளியில் இந்தப் பங்கு கண்ணில் படாது. நீலகிரியில் அரிசி வேகாமல் நின்று அதை நினைவுபடுத்தும்.

முதலில் அடிப்படை. எல்லாப் பொருளும் மூலக்கூறுகளால் ஆனது. அவை ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கப் பார்க்கின்றன. கூடவே ஓயாமல் ஆடிக்கொண்டும் இருக்கின்றன. இழுப்பு வென்றால் ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே நின்று அதிரும், அது திண்மம். ஆட்டம் கொஞ்சம் கூடினால் பிடி முற்றிலும் விடாமலேயே ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நகரும், அது திரவம். பிடியே அற்றுப் போய்த் தனித்தனியாகப் பறந்தால் வாயு. வெப்பநிலை என்று நாம் அளப்பது இந்த ஆட்டத்தின் வேகத்தைத்தான்.

தொடக்கநிலையில் படிப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இதற்கு அடுத்தது. நிலை மாறும் நேரத்தில் நாம் கொடுக்கும் வெப்பம் ஆட்டத்தைக் கூட்டுவதில்லை, பிடியை அறுப்பதற்குப் போகிறது. அதனால் அடுப்பு எரிந்துகொண்டே இருந்தாலும் வெப்பமானி அசையாது. இப்படிச் சூடாக வெளியே தெரியாமல் உள்ளே போகும் வெப்பத்தை உள்ளுறை வெப்பம் என்கிறோம். இது சின்னத் தொகையல்ல.

ஃப்ரீசரில் மைனஸ் 10 டிகிரியில் இருக்கும் 1 கிலோ பனிக்கட்டியை எடுத்துக்கொள்வோம். அதை 0 டிகிரிக்குக் கொண்டுவர 21 கிலோஜூல் (வெப்பத்தை அளக்கும் அலகு) போதும். 0 டிகிரிப் பனிக்கட்டியை 0 டிகிரித் தண்ணீராக்க 334 கிலோஜூல் வேண்டும். சூடு ஒரு டிகிரிகூட ஏறவில்லை, செலவு மட்டும் பதினாறு மடங்கு. அந்தத் தண்ணீரை 100 டிகிரி வரை ஏற்ற 419 கிலோஜூல். அதை முழுக்க ஆவியாக்க 2,257 கிலோஜூல். நான்கு படிகளில் கடைசி ஒன்றே மற்ற மூன்றையும் கூட்டினால் வருவதைப் போல மூன்று மடங்கு. இந்தக் கணக்கு திரும்பும் வழியிலும் அப்படியே செல்லும். 1 கிலோ நீராவி தண்ணீரானால் அந்த 2,257 கிலோஜூலையும் வெளியே விட்டாக வேண்டும். கொதிநீர் பட்ட கையைவிட ஆவி பட்ட கை மோசமாக வெந்துபோவதற்குக் காரணம் இதுதான்.

கொதித்தலும் குக்கரும்

தண்ணீரின் மேற்பரப்பிலிருந்து வேகமான மூலக்கூறுகள் எந்தச் சூட்டிலும் தப்பி வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். அது ஆவியாதல். கொதித்தல் வேறு. தண்ணீருக்கு உள்ளேயே ஆவிக் குமிழ்கள் உருவாகி, மேலே உள்ள காற்றின் அழுத்தத்தை எதிர்த்து உப்பி நிற்க வேண்டும். நீராவியின் அழுத்தமும் வெளிக்காற்றின் அழுத்தமும் சமமாகும் சூடுதான் கொதிநிலை. ஊட்டி கடல் மட்டத்துக்கு 2,240 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே தலைக்கு மேல் இருக்கும் காற்று குறைவு என்பதால் அதன் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். எதிர்ப்பு குறைந்தால் குமிழ் சீக்கிரம் எழும். தோராயமாக 300 மீட்டர் ஏறினால் 1 டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். கொடைக்கானலும் கிட்டத்தட்ட இதே உயரம்தான், அங்கேயும் 93-ஐ ஒட்டித்தான் கொதிக்கும்.

"சீக்கிரம் கொதித்தால் நல்லதுதானே, கேஸ் மிச்சம்" என்று தோன்றும். கொதி வருவது சீக்கிரம், வேகுவது தாமதம். அரிசியும் பருப்பும் வேகுவது கொதியைப் பார்த்து அல்ல, சூட்டைப் பார்த்து. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93-ஐத் தாண்டாது. தீயைக் கூட்டினால் தண்ணீர் வேகமாக வற்றும், சூடு ஏறாது. கணக்குப் பார்த்தால் இது விலை உயர்ந்த தவறு. 15 டிகிரியில் குழாயிலிருந்து பிடித்த 1 லிட்டர் தண்ணீரை ஊட்டியில் கொதிநிலைக்குக் கொண்டுவர நல்ல அடுப்பில் 11 கிராம் கேஸ் போதும். அதே 1 லிட்டர் முழுக்க ஆவியாகப் போக 75 கிராம் செலவாகும். கொதி வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து மூடி போட்டாலும் சோறு அதே நேரத்தில்தான் வேகும், கேஸ் மட்டும் மிஞ்சும். உப்புப் போட்டால் கொதிநிலை ஏறும் என்பது உண்மைதான், ஆனால் லிட்டருக்கு 10 கிராம் போட்டால் ஏறுவது 0.2 டிகிரிகூட இல்லை. சுவைக்காக மட்டும் போட்டால் போதும்.

குக்கர் செய்வது காற்றழுத்தக் குறைவை உள்ளே ஈடுகட்டுவதுதான். அதன் வெயிட், வெளிக்காற்றைவிடச் சுமார் 1 வளிமண்டல அளவு அதிக அழுத்தம் வரும்வரை ஆவியை அடைத்து வைக்கும். கடற்கரையில் உள்ளே 120 டிகிரியைத் தொடும். ஊட்டியில் வெளி அழுத்தம் குறைவு, அதன் மேல் அதே வெயிட், ஆகவே உள்ளே 116 அல்லது 117 டிகிரிதான் வரும். சென்னையில் மூன்று விசிலில் குழைகிற துவரம்பருப்புக்கு இங்கே ஒன்றிரண்டு விசில் கூட வேண்டியிருப்பது பருப்பின் குற்றமல்ல. விசிலை எண்ணுவதைவிட, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நிமிடத்தை எண்ணுவது நம்பகமானது. விசில் என்பது ஆவி வீணாவதன் சத்தம், அவ்வளவே.

குக்கரிலோ கெட்டிலிலோ வெண்மையாகப் புகைபோல எழுவதை எல்லோரும் நீராவி என்கிறோம். கெட்டில் மூக்கை உற்றுப் பாருங்கள். துளையை ஒட்டிச் சில மில்லிமீட்டர் தூரத்துக்கு ஒன்றுமே தெரியாது. நீராவி அந்த வெற்றிடம் போன்ற பகுதிதான், அது கண்ணுக்குத் தெரியாத வாயு. அதற்கு அப்பால் தெரியும் வெண்மை, குளிர்ந்து மறுபடி திரவமாகிவிட்ட நுண்ணிய நீர்த்துளிகள். குன்னூருக்கு ஏறும் மலை ரயிலின் நீராவி இன்ஜின் கக்கும் வெண்மேகமும், ஜூலையில் குன்னூர் சாலையை மறைக்கும் மூடுபனியும், மலையைத் தழுவும் மேகமும் இதே திரவத் துளிகள்தாம்.

புல்லின் மேல் வெள்ளை

மலைவாசிகளுக்கு மிகவும் தேவையான பகுதி உறைபனி, அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசலாம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, "ஊட்டியில் குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி, தலைக்குந்தாவில் உறைபனி" என்று செய்தி வரும். 3 டிகிரியில் தண்ணீர் எப்படி உறைந்தது? செய்தியில் வரும் 3 டிகிரி தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல், நிழற்கூண்டுக்குள் இருக்கும் வெப்பமானி காட்டுகிற காற்றின் சூடு. புல்லின் சூடு அது அல்ல. மேகமில்லாத இரவில் புல் தன் வெப்பத்தை நேராக வானத்தை நோக்கிக் கதிர்வீசி இழக்கிறது. தெளிந்த இரவில் ஒரு சதுர மீட்டர் தரை மணிக்குச் சுமார் 250 முதல் 350 கிலோஜூல் வரை இழக்கும். காற்றும் அசையாமல் இருந்தால் மேலிருந்து ஈடு வராது. புல்நுனி மேலே உள்ள காற்றைவிட 3, 4 டிகிரி, சில இரவுகளில் அதற்கும் மேலே குளிர்ந்துவிடும்.

அதன் பிறகு நடப்பது காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஈரம் அதிகமிருந்தால், புல் 0 டிகிரிக்கு வரும் முன்பே காற்றிலுள்ள நீராவி அதன் மேல் துளியாகப் படியும். மலையில் நீர்ப்பனி என்பது இது. நீராவி திரவமாகும்போது தன் உள்ளுறை வெப்பத்தை விடுகிறது அல்லவா, அந்த வெப்பம் புல்லுக்கே போகும். எனவே நீர்ப்பனி நன்றாக இறங்கும் இரவில் குளிர் இறங்குவது மந்தமாகும். காற்று வறண்டிருந்தால் இந்தத் தடுப்பு கிடைக்காது. புல் 0-க்குக் கீழே போன பிறகே ஈரம் படியத் தொடங்கும். அப்போது நீராவி திரவம் என்ற படியைத் தாண்டிக் குதித்து நேரே பனிப்படிகமாகிவிடும். வாயு நேரே திண்மமாகும் இந்த மாற்றத்துக்குப் படிதல் என்று பெயர். புல்நுனியில் ஊசி ஊசியாக, சர்க்கரை தூவியதைப் போலத் தெரியும் வெள்ளை இப்படி வந்ததுதான். ஏற்கெனவே படிந்த நீர்ப்பனி உறைந்திருந்தால் ஊசி இருக்காது, கண்ணாடி மணிகள் போல உருண்டையாக இருக்கும். காலையில் குனிந்து பார்த்தாலே எது நடந்தது என்று சொல்லிவிடலாம்.

காற்று அதைவிடவும் வறண்டிருந்தால் வெள்ளையே படியாது. ஆனாலும் இலை 0-க்குக் கீழே போய் உள்ளே உறைந்துவிடும். "நேற்று பனியே இல்லையே" என்று நினைத்திருக்க, வெயில் ஏறியதும் உருளைக்கிழங்குத் தழை கறுத்துத் தொங்கும். வெள்ளை தெரியும் பனியைவிட இது ஆபத்தானது. படியும்போது கிடைக்கிற கொஞ்ச வெப்பம்கூட இங்கே கிடைக்காமல் போகிறது.

தாழ்வான இடங்களே ஏன் அடிவாங்குகின்றன என்பதும் எளிது. குளிர்ந்த காற்று கனமானது, அது சரிவில் தண்ணீரைப் போல வழிந்து பள்ளத்தில் தேங்கும். தலைக்குந்தா, காந்தல், ஊட்டி குதிரைப் பந்தய மைதானம் ஆகியவை வெள்ளையாகக் கிடக்கும் காலையில் பக்கத்துச் சரிவில் 50 மீட்டர் மேலே இருக்கும் தேயிலை பச்சையாகவே இருக்கும். வழிந்து வரும் காற்றை அடைப்பது போலச் சரிவின் கீழ் ஓரத்தில் அடர்த்தியாக வேலி வைத்தால் தோட்டத்துக்குள்ளேயே குளிர் தேங்கும். வேலியின் அடியில் திறப்பு விட்டால் குளிர் வெளியே போக வழி கிடைக்கும்.

இலைக்கு உள்ளே நடப்பதும் நிலை மாற்றம்தான். செல்லுக்குள் இருக்கும் சாற்றில் உப்பும் சர்க்கரையும் கரைந்திருப்பதால் அது 0 டிகிரியில் உறையாது. செல்களுக்கு இடையே உள்ள நீர் முதலில் உறையும். அந்தப் பனிப்படிகம் செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துத் தானும் வளரும். செல் வற்றிச் சுருங்கி, அதன் சவ்வு கிழிந்துவிடுகிறது. உறைந்த புல்லின் மேல் நடந்தால், பிறகு பாதம் பட்ட இடம் மட்டும் பழுப்பாகிப் போவதும் இதனால்தான், விறைத்துக் கிடக்கும் செல்கள் மிதிபட்டு உடைகின்றன. பனியில் படம் எடுக்க வருகிறவர்கள் புல்வெளி ஓரத்தில் நின்றே எடுத்துக்கொள்ளலாம்.

இதை எப்படித் தடுப்பது? ஸ்பிரிங்ளர் வைத்துத் தண்ணீர் தெளிப்பது ஒரு வழி. குளிருக்கு மேல் தண்ணீரா என்று கேட்கத் தோன்றும். கணக்கைப் பாருங்கள். தண்ணீர் உறையும்போது கிலோவுக்கு 334 கிலோஜூலை வெளியே விடும். மணிக்கு 3 மில்லிமீட்டர் அளவுக்கு, அதாவது சதுர மீட்டருக்கு 3 லிட்டர் வீதம் தெளித்தால், அது முழுக்க உறையும்போது 1,000 கிலோஜூல் கிடைக்கும். தரை வானத்துக்கு இழப்பதைவிட இது அதிகம். இலையைச் சுற்றிப் பனி உறையும், ஆனால் தெளிப்பு தொடரும்வரை இலையின் சூடு 0-ஐ ஒட்டியே நிற்கும், அதற்குக் கீழே இறங்காது. பெரும்பாலான இலைகள் 0 டிகிரியைத் தாங்கும். மைனஸ் 3-ஐத்தான் தாங்காது.

இந்த முறை கெட்டுப்போவது ஒரே இடத்தில், நடுவில் நிறுத்துவதால். பம்ப் நின்றாலோ, மின்சாரம் போனாலோ, "போதும்" என்று விடியுமுன் அணைத்தாலோ, நனைந்த இலையிலிருந்து தண்ணீர் ஆவியாகத் தொடங்கும். 0 டிகிரியில் 1 கிராம் தண்ணீர் ஆவியாக எடுக்கும் வெப்பம், 1 கிராம் உறைந்து கொடுக்கும் வெப்பத்தைப் போல ஏழரை மடங்கு. தெளிக்காமல் விட்டிருந்தால் இருந்ததைவிட இலை இன்னும் அதிகமாகக் குளிரும். ஆகவே புல்மட்டத்துச் சூடு 1 டிகிரிக்கு இறங்கும்போதே ஆரம்பித்து, வெயில் வந்து பனி தானாகக் கழன்று விழும்வரை விடாமல் ஓட்ட வேண்டும். காற்று வீசும் இரவில் தொடங்கவே வேண்டாம். ஏக்கருக்கு மணிக்கு 12,000 லிட்டர், எட்டு மணி நேரம் என்றால் லட்சம் லிட்டரைத் தொடும். கேரட்டும் பூண்டும் போட்டிருக்கும் அரை ஏக்கர் விவசாயிக்கு இது நடக்கிற காரியமல்ல. அவருக்கு மூடுவதே ஏற்றது.

மூடுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மூடாக்கு தானாகச் சூடு தராது, பகலில் மண் வாங்கி வைத்த வெப்பம் வானத்துக்குப் போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். அதனால் இருட்டிய பிறகு மூடினால் பாதிப் பயன் போய்விடும், வெயில் சாயும்போதே மூட வேண்டும். காய்ந்த புல்லோ பெரணித் தழையோ பிளாஸ்டிக் ஷீட்டைவிட நல்லது. ஷீட் போட்டால் குச்சி நட்டு இலையில் படாமல் உயர்த்திக் கட்ட வேண்டும், பட்ட இடத்தில் இலை கருகும். முந்தின நாள் மதியமே மண்ணுக்குத் தண்ணீர் பாய்ச்சி விட்டால் ஈரமண் பகல் வெப்பத்தை அதிகம் பிடித்து வைத்து இரவில் விடும். உலர்ந்த, கொத்திவிட்ட மண் காற்று நிறைந்தது, வெப்பத்தைக் கீழிருந்து மேலே கடத்தாது. பனிக்காலத்தில் களை கொத்துவதைத் தள்ளிப் போடுவதற்கு இது காரணம்.

பூங்காப் புல்தரைகளில் அதிகாலையில் தண்ணீர் அடிப்பார்களே, அது வேறு வேலை. அங்கே உறைவதைத் தடுக்கவில்லை, படிந்த பனியை உருக்குகிறார்கள். 12 டிகிரித் தண்ணீர் 1 லிட்டர், 0-க்கு இறங்கும்போது விடுகிற 50 கிலோஜூலைக் கொண்டு 150 கிராம் பனியை உருக்கும். வெயில் வேகமாக ஏறும் முன் மெதுவாக உருக்கிவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். கண்ணாடி உறைந்த காருக்கு இதைக் கொதிநீரில் செய்து பார்க்க வேண்டாம், கண்ணாடி விரிசல் விட்டுவிடும். பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி, ஹீட்டரை உள்ளே ஓட விட்டால் போதும். உறைந்திருக்கும்போது வைப்பரைப் போட்டால் ரப்பர் கிழியும்.

176 டிகிரியில் கொதிப்பது 93-க்கும் கீழே வருவது

ஊட்டிப் பக்கம் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸின் இலையிலிருந்து தைலம் காய்ச்சுவது, ஆவியாதலையும் மறுபடி திரவமாவதையும் ஒரே கொட்டகையில் காட்டும். தைலத்தின் முக்கியப் பொருளான சினியோல் தனியாகக் கொதிக்க 176 டிகிரி வேண்டும். ஆனால் கொப்பரையில் இலையோடு தண்ணீரும் சேர்ந்து கொதிக்கும்போது, அந்த மலை உயரத்தில் தண்ணீர் தனியாகக் கொதிக்கும் சூட்டைவிடச் சற்றுக் குறைவான சூட்டிலேயே தைலம் ஆவியாக வெளியே வந்துவிடுகிறது.

காரணம் மேலே பார்த்த அழுத்தக் கணக்குதான். தைலமும் தண்ணீரும் ஒன்றோடொன்று கலக்காதவை. கலக்காத இரண்டு திரவங்கள் சேர்ந்திருந்தால் ஒவ்வொன்றும் மற்றது இல்லாததைப் போலத் தன் ஆவியழுத்தத்தைக் கொடுக்கும். கொதிப்பதற்கு இரண்டின் அழுத்தமும் கூடி வெளிக்காற்றுக்குச் சமமானால் போதும். பெரும்பங்கைத் தண்ணீர் கொடுக்க, தைலம் தன் சிறு பங்கைப் போட்டு ஆவியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. 176 டிகிரிக்குச் சூடேற்றினால் இலை கருகி, தைலம் புகை நாற்றம் அடிக்கும். இந்த வழியில் அந்தத் தொல்லை இல்லை.

கொப்பரை, காற்றுப் புகாத மூடி, மூடியிலிருந்து போகும் குழாய், தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு இறங்கும் குழாய், கடைசியில் பிடிக்கும் கலன். பாகங்கள் இவ்வளவே. 100 கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோவை ஒட்டித் தைலம் கிடைக்கும். தண்ணீரைவிட லேசானது என்பதால் கலனில் மேலே மிதக்கும், கீழே உள்ள தண்ணீரை வடித்துவிட்டு எடுக்கலாம்.

பிழை நேரும் இடம் பெரும்பாலும் குளிர்விக்கும் தொட்டி. வடியும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறக்குறைய 2,500 கிலோஜூல் வெப்பத்தைத் தொட்டித் தண்ணீர் வாங்கிக்கொள்ள வேண்டும். 15 டிகிரியில் வரும் தண்ணீர் 45 டிகிரி வரை சூடாகலாம் என்று விட்டாலும், லிட்டருக்கு 20 லிட்டர் குளிர்நீர் வேண்டியிருக்கிறது. ஓடை அருகில் கொட்டகை போடுவது அதனால்தான். தொட்டியில் தண்ணீர் மாறாமல் நின்றால் அது சூடாகி, குழாய்க்குள் ஆவி திரவமாகாமலேயே மறுமுனையில் வெளியேறும். கொட்டகை முழுக்க மணம் தூக்கினால் காசு காற்றில் போகிறது என்று அர்த்தம். குளிர்நீரைத் தொட்டியின் அடியில் விட்டு, சூடான நீரை மேல்விளிம்பில் வழிய விடுவது சரியான முறை. மற்ற தவறுகள் எளியவை. இலையை அளவுக்கு மீறி அமுக்கி அடைத்தால் ஆவி ஒரே வழியைத் துளைத்துக்கொண்டு ஏறி, பாதி இலையைத் தொடாமலே போய்விடும். அடித்தண்ணீர் வற்றினால் இலை தீயும். தீயை ஒரேயடியாக ஏற்றினால் பழுப்புத் தண்ணீர் பொங்கிக் குழாய் வழியாகவே வந்து தைலத்தைக் கெடுக்கும்.

கொதிக்காமலே ஆவியாவதைப் பார்க்கத் தேயிலைத் தொழிற்சாலைக்குள் போனால் போதும். பறித்த 100 கிலோ பச்சைத் தேயிலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், கடைசியில் கிடைக்கும் தூளில் 3 சதவீதம்தான். நீளமான தொட்டிகளில் இலையைப் பரப்பிக் கீழிருந்து காற்றை ஊதி வாட்டும்போதே ஒரு பகுதி போய்விடும். ஆவியாகும் நீர் இலையிலிருந்தே வெப்பத்தை எடுப்பதால் இலை குளிர்ச்சியாகவே இருக்கும். மழைக்காலத்தில் காற்றே ஈரத்தால் நிறைந்திருப்பதால் எவ்வளவு ஊதினாலும் வாடாது, காற்றைச் சில டிகிரி சூடாக்கினால்தான் ஈரம் வாங்கும் இடம் அதில் உண்டாகும். ஜூலையில் கொடியில் போட்ட துணி காயாததும் இதே காரணம்.

கேஸ் சிலிண்டர்

சிலிண்டருக்குள் இருப்பது வாயுவல்ல, அழுத்தத்தால் திரவமாக்கப்பட்ட புரொப்பேனும் பியூட்டேனும். திரவத்தின் மேல் தேங்கும் ஆவியைத்தான் அடுப்பு எரிக்கிறது. எரிய எரிய உள்ளே திரவம் ஆவியாகி ஈடுகட்ட வேண்டும். அதற்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 400 கிலோஜூல் தேவை. அந்த வெப்பம் சிலிண்டரின் இரும்புச் சுவர் வழியாக வெளிக்காற்றிலிருந்து வருகிறது. ஊட்டி ஜனவரிக் காலையில் வெளிக்காற்றே 5 டிகிரி. பெரிய அடுப்பை முழுத் தீயில் வைக்கும் டீக்கடைச் சிலிண்டரின் வெளிப்புறம் வியர்த்து, சில சமயம் வெள்ளையாக உறைந்துபோகும். தீ சிறுத்துவிடும். புரொப்பேன் கொதிப்பது மைனஸ் 42 டிகிரியில், பியூட்டேன் கொதிப்பது 0-க்குச் சற்றுக் கீழே. முதலில் புரொப்பேனே அதிகம் வெளியேறுவதால், சிலிண்டரின் கடைசிப் பகுதியில் பியூட்டேன் மிஞ்சி நிற்கும். குளிரில் அது லேசில் எழாது. "கேஸ் தீர்ந்துவிட்டது" என்று திருப்பித் தரும் சிலிண்டரில் கொஞ்சம் மீதி இருப்பது மலையில் சகஜம்.

சிலிண்டரைச் சுடுநீரில் வைப்பது, அடுப்புக்குப் பக்கத்தில் தள்ளுவது, துணி கொளுத்திக் காட்டுவது எதுவும் கூடாது. சூடானால் திரவம் விரியும், ஆவியழுத்தமும் தாறுமாறாக ஏறும். படுக்க வைக்கவும் கூடாது. அப்போது ரெகுலேட்டருக்குத் திரவமே வந்து, ஒன்றுக்கு 250 மடங்கு வாயுவாக விரிந்து அடுப்பில் பீறிடும். தரையிலிருந்து மரப்பலகை மேல் உயர்த்தி வைத்து, சுற்றிலும் காற்றோட்டம் விட்டு, தேவைப்பட்டால் இரண்டு சிலிண்டரை முறையான இணைப்பில் சேர்த்துப் பயன்படுத்துவதுதான் வழி. ஒன்றின் சுமை பாதியானால் குளிர்வதும் பாதியாகும்.

உருகினால் போதாது, எப்படி உறைகிறது என்பதும் முக்கியம்

தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறையும். ஊட்டியில் வருடத்தில் பெரும்பகுதி பாட்டிலுக்குள் வெள்ளைக் கட்டியாக நிற்பதில் வியப்பில்லை. அது கெட்டுப்போகவும் இல்லை, கலப்படமும் இல்லை. தண்ணீர் போன்ற தூய பொருள் ஒரே சூட்டில் உருகும். எண்ணெய் பல கொழுப்புகளின் கலவை என்பதால் கூழாகி, தளர்ந்து, பிறகே தெளியும். கற்பூரமும் நாப்தலின் உருண்டையும் உருகாமலே நேராக ஆவியாகும், பதங்கமாதல் என்பது அதுதான்.

கொழுப்பில் சிக்கலானது சாக்லேட். ஊட்டியில் வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை விற்கும் சாக்லேட்டின் உயிர் கோகோ வெண்ணெய். அது ஆறு வகைப் படிகங்களாக உறையக்கூடியது. நமக்கு வேண்டியது ஐந்தாவது வகை மட்டும். அது 34 டிகிரியை ஒட்டி உருகும், அதாவது கையில் நிற்கும், வாயில் கரையும். பளபளப்பும் 'டக்' என்று உடையும் தன்மையும் அதற்கே உண்டு. உருக்கியதைச் சும்மா ஆறவிட்டால் மற்ற வகைகளும் கலந்து உறைந்து, மங்கலாகவும் மெத்தென்றும் ஆகிவிடும். அதனால் டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை சூடாக்கிப் பழைய படிகம் எல்லாவற்றையும் கரைத்து, கிளறிக்கொண்டே 27, 28-க்கு இறக்கி, மறுபடி 31, 32-க்கு ஏற்றி வார்க்கிறார்கள். கடைசியில் ஏற்றுவது வேண்டாத வகைகளை உருக்கிவிட்டு ஐந்தாவதை மட்டும் விதையாக நிறுத்துவதற்கு. பால் சாக்லேட்டுக்கு ஒவ்வொரு படியிலும் ஒன்றிரண்டு டிகிரி குறைவு. பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தால்கூட சாக்லேட்டிலுள்ள சர்க்கரை ஒட்டிக்கொண்டு முழுவதும் திப்பியாகிவிடும். ஆவி பறக்கும் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குபவர்கள் இதில் மாட்டுகிறார்கள். மேல் பாத்திரம் ஆவியை முழுக்க மூடும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும்.

வாங்கிக்கொண்டு மலை இறங்குபவர்கள் பார்ப்பது இதன் மறுபக்கம். மேட்டுப்பாளையம் வெயிலில் நிற்கும் காருக்குள் 34 டிகிரி சுலபமாகத் தாண்டும். சாக்லேட் உருகி, இரவில் வீட்டில் தானாக உறையும், யாரும் சூட்டைப் பார்த்து இறக்காததால் கண்ட வகைப் படிகமாக. நாலைந்து நாளில் மேலே சாம்பல் வெள்ளை பூக்கும். பூஞ்சை என்று பயந்து வீசுகிறவர்கள் அதிகம். விரலால் தேய்த்துப் பாருங்கள், உருகிக் காணாமல் போனால் அது மேலே வந்த கோகோ வெண்ணெய். பூஞ்சை உருகாது. சொரசொரவென்று உருகாமல் நின்றால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் வியர்த்த ஈரத்தில் சர்க்கரை கரைந்து காய்ந்த தடமாக இருக்கலாம். கோகோ வெண்ணெய்ப் படிவு, சர்க்கரைத் தடம் இரண்டையும் தின்னலாம். அழகு போய்விட்டது என்று தோன்றினால் சூடான பாலில் போட்டுக் கலக்குங்கள். பாலுக்குப் படிக வகை பற்றிக் கவலையில்லை.